பாவசங்கீர்த்தனப் பெட்டியின் கதவு

சேசு மரி சூசை துணை

காலடிப்பேட்டை,
தவக்காலத்து நான்காம் ஞாயிறு.

அன்பு மகள் ஜானட்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் முழுச் சுகம், உன் அம்மா இடது முட்டி ஒன்று நீங்கலாகச் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஜெரியும் அந்த அயர்லாந்து மழையில் இருமல் சளி அண்டாமல் இருக்க மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் வீடியோவில் முகம் பார்த்துக்கொள்கிறோம், இந்த மனுஷன் எதற்குப் பேப்பரையும் பேனாவையும் எடுத்தான் என்று நினைப்பாய். ஃபோன் என்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள், நான் ஒரு வரி சொன்னால் அதற்கு நாலு வரி திருத்தம் சொல்கிறாள், கடைசியில் உன் காதுக்கு வந்து சேர்வது திருத்தம் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் அடிக்கலாம் என்றால், பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனுக்கு அந்தக் கண்ணாடியில் எழுத்து தேடி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. தேவப்பிரியம் மகள் மேல்படிப்புக்கு டப்ளின் வருகிறாள், அவளிடம் வடகமும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். கருவாடு வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு சௌக்கத் அலியுடைய பேரனின் மூச்சு, என்னுடைய விறகடுப்பு, சாமியாரிடம் பாவம் சொல்ல மண்டியிடுவோமே, நம் கோயிலின் அந்தப் பழைய பாவசங்கீர்த்தனப் பெட்டி, இந்த மூன்றும் பொங்கல் சமயத்தில் நம் வீட்டுப் பின்பக்கத்தில் ஒன்றாக மாட்டிக்கொண்டன. உன் அம்மா தன் பாணியில் கொஞ்சம் சொல்லியிருப்பாள், அதில் வில்லன் நானாகத்தான் இருப்பேன். தப்பில்லை, ஆனாலும் வில்லன் பக்கத்துக் கதையையும் ஒருவன் எழுதி வைக்கத்தானே வேண்டும்.

நம் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நீ மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் எழுதுகிறேன். நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற இடம், ஒரு முருங்கை, துணி காயப்போடும் கொடி, மூன்று செங்கல்லில் ஒரு அடுப்பு, அதன்மேல் அண்டா. இடது பக்கச் சுவர் நம்முடையதே இல்லை, சௌக்கத் வீட்டுப் பின்னறையின் சுவர். அந்த அறையின் ஜன்னல் நம் பக்கம்தான் திறக்கும். ஜன்னல் கதவு ஒரு புயலில் பிய்ந்துபோய், அன்றிலிருந்து கம்பியும் ஒரு பழைய லுங்கித் துணியும்தான். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என் அடுப்பு. சௌக்கத்துக்குத் தண்டையார்பேட்டையில் பழைய மரக்கடை. ஹார்பரில் சரக்கு இறங்கினதும் மிஞ்சுகிற உடைந்த பேலட் பலகை, பேக்கிங் பெட்டி எல்லாம் அங்கேதான் வரும், விலை போகாத துண்டு துக்கடாவைச் சாக்கில் கட்டி முப்பது வருஷமாக எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மரத்தை ஆணி பிடுங்கித் தனியாக வைத்து நான் சாமான் செய்வேன், மற்றது உன் அம்மாவின் வெந்நீருக்கு. நான் செய்த சாமான்களைப் பற்றி நீ சிரிக்க வேண்டாம். ஒரு ஸ்டூல் செய்தேன், அதற்கு நாலு காலும் நாலு கட்சி. செருப்பு வைக்க ஒரு ராக்கை செய்தேன், அதில் செருப்பு வைத்தால் சாய்ந்துவிடுகிறது என்று உன் அம்மா அதன்மேல் அம்மிக்கல்லை வைத்திருக்கிறாள், செருப்பெல்லாம் தரையில்தான் கிடக்கிறது. ஹார்பரில் இத்தனை வருஷம் வின்ச் ஓட்டிக் கப்பல் கப்பலாக மரம் இறக்கியவன், ஒரு பலகையை நேராக அறுக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

சௌக்கத் மகள் மரியம் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். குறைமாசத்தில் பிள்ளை பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை, பிலால் என்று பேர் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தப் பின்னறையில்தான் போட்டார்கள். முன்னறையில் ரோட்டு லாரித் தூசி என்று பின்னறை. அந்த வாரத்திலிருந்து சௌக்கத் எனக்குக் கட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால், "லோடு வரல பிரகாசம், ஹார்பர்ல வேலையே டல்லா கீது" என்றார். நானும் நம்பினேன். பிறகு ஒரு நாள் அந்தப் பக்கமாக பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்க்கிறேன், கடை வாசலில் பேலட் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கிறது. எனக்குச் சுருக்கென்றுவிட்டது. வந்து உன் அம்மாவிடம் புலம்பினேன். அவள், "அவரு இன்னா உனுக்கு மாமனாரா, ஆயுசுக்கும் சும்மா குடுக்கறதுக்கு? எங்கப்பாவே உனுக்கு ஒரு சைக்கிளோட நிறுத்திகினாரு" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மனுஷர் பேரன் வந்ததும் மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, தெருவில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். அவரும் பதிலுக்குத் தலையை ஆட்டினார். இப்படி இரண்டு கிழவர்கள் பல்லி மாதிரி தலை ஆட்டிக்கொண்டு திரிந்தோம்.

எனக்கு ரோஷம் வந்தால் என்ன ஆகும் என்று தெரியும் அல்லவா. காசிமேட்டில் படகு ரிப்பேர் செய்கிற சுப்பராயனிடம் போய், உடைத்துப் போட்ட ஒரு விசைப்படகின் அடிப்பலகையைக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, சௌக்கத் வீட்டு வாசல் வழியாகவே, அவர் பார்க்கும்படியே கொண்டுவந்தேன். போகி அன்று காலை அதைத்தான் வைத்தேன். போகி நமக்கு இல்லைதான், ஆனால் ஊரே எரிக்கிற நாளில் நாம் எரித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு எண்ணம். ஜானட், அந்தத் தீயைப் போல நான் பார்த்ததே இல்லை. பச்சை. கிளிப்பச்சையாக ஒரு நாக்கு, அதற்குள் நீலமாக இன்னொன்று. கடல் உப்பு ஊறின மரம், அதனால்தான் இந்தக் கலர் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து, தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டி, படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். நீகூடக் கைதட்டுகிற பொம்மை போட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, அங்கிருந்து பார்த்தால் வாசனை தெரியாது. உன் அம்மா மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாய்யா இது, டயர எரிக்கிற மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு, அந்த வெந்நீரில் குளித்தும் விட்டாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மரியம் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள், செருப்புகூடப் போடவில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது, நெஞ்சு உள்ளே போய் வருகிறது, உதடு கறுத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். போகி நாள் பார், வார்டு முழுக்க இழுப்புக் கேஸ்தானாம். விம்கோ நகரிலிருந்து எண்ணூர் வரைக்கும் காலையில் எதிரில் வருகிறவன் முகம் தெரியாத புகை. அதில் என் புகை எது, ஊர் புகை எது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும். முதல் நாள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஊர் புகை அந்த ஜன்னலுக்கு வர ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், என்னுடையது கையை நீட்டினால் போதும் என்பது இரண்டாம் நாள் சாப்பிடும்போதுதான் தோன்றியது. அன்றைக்குச் சாப்பாடு அதோடு சரி.

உன் அம்மா முட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து புடவைகூட மாற்றவில்லை, நேராக என்னிடம் வந்தாள். வீட்டுக்கு விடும்போதே டாக்டர் சொல்லி அனுப்பினாராம், இந்தப் பிள்ளை பக்கத்தில் புகையே ஆகாது, ஊதுவத்திகூட ஏற்றாதே என்று. "அதுக்குத்தான் அந்தாளு உனுக்குக் கட்ட குடுக்கல. கட்ட இல்லன்னா நீ கொளுத்த மாட்டியேன்னு பாத்துகினு இருந்துருக்காரு. நீ காசிமேட்டுக்குப் போய் விஷத்த வாங்கியாந்து வெச்சிட்டு, இஸ்டேட்டஸ் வேற." விஷம் என்று அவள் கோபத்தில் சொன்னது. ஆனால் அது நிஜமாகவே விஷம் என்று சுப்பராயன் அடுத்த நாள் சொன்னான். பச்சையாக எரிந்ததே என்று கேட்டதற்கு அவன் தலையில் அடித்துக்கொண்டு, "அத்தையா எரிச்ச? நீ எதுனா பெஞ்சு கிஞ்சு செய்யப் போறேன்னுல்ல குடுத்தேன். அது அடியில சிப்பி ஒட்டாம சாவறதுக்கு அடிக்கிற பெயிண்ட்டுபா. அத்தப் போய் கொளுத்திக் குளிச்சேன்றியே" என்றான். நான் பெஞ்சு செய்வேன் என்று நம்பிய ஒரே ஆள் அவன், அவனையும் கெடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சௌக்கத்தைப் பார்த்தேன். டீ வாங்கிக்கொண்டு நின்றார், எனக்கும் ஒன்று சொன்னார். நான், "ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "முப்பது வருசமா நான் குடுத்த கட்டைபா. குடுக்கற கைய நிறுத்திக்கலாம். நீ எரிக்காதேன்னு வாயால எப்டி சொல்றது? ஆலிஸுக்கு முட்டி வலின்னு வேற தெரியும்" என்றார். டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.

இந்த நிலைமையில் பெட்டி வேறு. நம் கோயிலில் உள்ளே டைல்ஸ் போடுகிறார்கள், அந்தப் பழைய பாவசங்கீர்த்தனப் பெட்டியின் அடியெல்லாம் கரையான் தின்றுவிட்டது, எடுத்துவிட்டார்கள். சாமியார் ஆசீர்வதித்து மந்திரித்த பொருளைப் பழைய சாமான் கடைக்குப் போடக்கூடாது, குப்பையிலும் எறியக்கூடாது, எரித்துச் சாம்பலை மண்ணில் புதைக்க வேண்டும், அதுதான் முறை. கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம் இருப்பதால் அங்கே பெரிய தீ வைக்க முடியாது. வருஷா வருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் பழைய குருத்தோலையெல்லாம் வாங்கி வந்து எரித்து, நெற்றியில் பூசச் சாம்பல் கொடுப்பவன் நான் ஆயிற்றே, நெல்சன் சாமியார் புது வருஷத்திலேயே என்னிடம் கேட்டார், நானும் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில், திருவாளர் அருள்பிரகாசம் அவர்களின் பொறுப்பில் எரிக்கப்படும் என்று அறிக்கை வேறு வாசித்தார்கள். இத்தனை வருஷத்தில் கோயிலில் என் பேர் வாசித்தது கல்யாண ஓலையில் ஒரு தடவை, இது இரண்டாவது. பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒரு குட்டி யானை வண்டியில் பெட்டி வந்து இறங்கிவிட்டது. முருங்கைக்கும் அடுப்புக்கும் நடுவில், ஒரு சின்னக் கோயில் மாதிரி நின்றது.

உனக்கு அந்தப் பெட்டி நன்றாகத் தெரியும். முதல் நன்மை அப்பம் வாங்குவதற்கு முன்னால் உன்னை அதில் மண்டியிட வைத்தோம், சொல்ல ஒரு பாவமும் இல்லை என்று அழுதாய், கடைசியில் அப்பா ஸ்டூலிலிருந்து விழுந்தபோது சிரித்தேன் என்று சொல்லிவிட்டு வந்தாய். ரகசியம் என்று தெரியாமல் வெளியே வந்து எல்லாரிடமும் சொன்னாய். இப்போது அது பின்பக்கம் வந்து நின்றதும், உன் அம்மா அதைக் கடந்து குழாயடிக்குப் போகும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு சிலுவை. கொடியில் உள்பாவாடை காயப்போடக் கூச்சப்பட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள், முட்டி இன்னும் வீங்கிற்று. நான் ஒரு நாள் சாயந்தரம் உள்ளே சாமியார் உட்காருகிற பலகையில் உட்கார்ந்து தினத்தாள் படித்தேன், வெயிலுக்கு இதமாக இருந்தது. அதற்கு அவள் போட்ட கூச்சலில் முருங்கையிலிருந்த காக்கா போய்விட்டது.

பிலால் வீட்டுக்கு வந்துவிட்டான். அதே அறை, அதே ஜன்னல், அதே லுங்கி. அடுப்பை நான் அதற்குப் பிறகு மூட்டவில்லை, ஆனால் பெட்டியை என்ன செய்வது? எரித்தால் பிள்ளை, எரிக்காவிட்டால் பூசையில் வாசித்த வாக்கு. ஒரு நாள் சௌக்கத் நம் பின்பக்கத்துக்கு வந்தார். பெட்டியின் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இத்தையா எரிக்கப் போற? பர்மா தேக்குபா. எரிச்சா கண்ணு அவிஞ்சிடும்" என்றார். விற்கக்கூடாதாமே என்றேன். "வாங்குறன்னு சொன்னனா நானு? பாத்துட்டு வயிறு எரியுது, சொல்றேன்" என்றார். அப்புறம் மெதுவாக, "எப்ப எரிக்கிறன்னு மட்டும் முன்கூட்டி சொல்லு பிரகாசம். அன்னிக்கு மரியத்தயும் புள்ளயயும் பெரம்பூர்ல அவ மாமியா வூட்ல வுட்டுட்டு வந்துடறேன்" என்றார். கேட்டாயா? எரிக்காதே என்று அப்போதும் வாயில் வரவில்லை. பச்சைப் பிள்ளையை ஊர் மாற்றத் தயார், என்னை ஒரு வார்த்தை சொல்லத் தயாரில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் நெல்சன் சாமியாரைப் பிடித்துக்கொண்டேன். எரிக்காமல் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர், "எதுக்குன்னு சொல்லுங்க. உங்க ஸ்டூலுக்குன்னா வேண்டாம், அதுக்கு எரிக்கிறதே மரியாதை" என்றார். பார், என் புகழ் எங்கெல்லாம் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு ஒரு கதவு, புகை போகாமல் இருக்க, உள்ளே குறைமாசப் பிள்ளை என்று முழுக்கச் சொன்னேன். சாமியார் பிள்ளையின் பேரைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தக் கதவு இத்தனை வருஷம் உள்ளே பேசுறது வெளியே போகாம காத்துச்சு. இனிமே வெளியே உள்ளது உள்ளே போகாம காக்கட்டும். கரையான் தின்னதை மட்டும் ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாதப்ப இங்கே கொண்டாங்க, குருத்தோலையோட சேர்த்து ஒரு டிரம்மில் எரிச்சிடலாம்" என்றார்.

அறுக்க உட்கார்ந்தேன். முதலில் நான் செய்த காரியத்தை உன் அம்மா இன்னும் நாலு வருஷத்துக்குச் சொல்வாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பெட்டியிலேயே அழகான பாகம் எது? சாமியாருக்கும் நமக்கும் நடுவே இருக்குமே, பூப்பூவாக ஓட்டை போட்ட தட்டி, அதுதான். அளவும் ஜன்னலுக்குச் சரியாக வந்தது. இழைத்து, எண்ணெய் தடவி, கீல் போட்டு, ஜன்னலில் வைத்துப் பிடித்துக்கொண்டு உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னாய்யா, பொகைய வடிகட்டி அனுப்பப் போறியா?" என்றாள். உள்ளேயிருந்து மரியம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது கேட்டது. அப்புறம்தான் பெட்டியில் சாமியார் உட்காருகிற நடு அறையின் கதவைக் கழற்றினேன். அது ஓட்டை இல்லாத ஒரே பலகை, கனமான சாமான். அதையும் இரண்டு விரல் குறைத்து அறுத்துவிட்டேன், அது எனக்கு வழக்கம்தானே. குறைந்த இடத்துக்கு, சௌக்கத் முன்பு கொடுத்ததில் அடுக்கி வைத்திருந்த பேலட் சட்டத்தை வைத்து அடித்தேன். இப்போது பர்மா தேக்குக் கதவுக்கு வெள்ளைக் கட்டையில் ஒரு கரை, அதில் எந்த ஊர் துறைமுகத்திலோ குத்தின முத்திரை, தலைகீழாக. கோயில் பாதி ஹார்பர் பாதி. ஆனால் இறுக்கமாக மூடுகிறது, அதை யாரும் மறுக்க முடியாது. தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்தேன். திறப்பதும் மூடுவதும் அவர்கள் இஷ்டம்.

கரையான் தின்ற பாகத்தைச் சொன்னபடி கோயில் பின்னால் டிரம்மில் போட்டு எரித்தோம். குருத்தோலையைத் தனியாக எரித்துச் சாம்பலைத் தனியாக எடுக்க வேண்டும் என்று சாமியார் சொல்லித்தான் போனார். கடல் காற்று அடிக்கிறது, ஒரே டிரம், நான் ஒருவன், கொஞ்சம் முன்பின்னாகப் போட்டிருப்பேன். சல்லடையில் சலிக்கும்போது எது ஓலை எது பெட்டி என்று எனக்கே தெரியவில்லை. இந்த வருஷம் நம் பங்குச் சனம் முழுக்க நெற்றியில் பாவசங்கீர்த்தனப் பெட்டியைப் பூசிக்கொண்டு போனது. சாமியார் உட்பட. இதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் நமக்குச் சாம்பல் புதனும் அவர்களுக்கு நோன்பும் ஒன்றாக வந்துவிட்டது. நோன்பு தொடங்கிய மறுநாள் காலை எழுந்து பார்க்கிறேன், நம் வாசலில் சாக்குச் சாக்காகப் பேலட் கட்டை. சௌக்கத் கடைப் பையனிடம் சொல்லி இறக்கியிருக்கிறார். தெருவில் பார்த்து, "இப்ப தான் கதவு கீதே, ஆலிஸ வெந்நி போட்டுக்கச் சொல்லு" என்றார். நல்ல காய்ந்த கட்டை, பெயிண்ட் எதுவும் இல்லை, நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் அம்மாவும் ஆசையாக அண்டாவைத் தேய்த்து வைத்தாள், பாவம், இத்தனை நாள் பச்சைத் தண்ணீரில் முட்டி கடுத்துப் போயிருந்தாள். அடுப்பில் கட்டையை அடுக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே மரியம் பிள்ளைக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கிழித்தேன். கிழித்த சத்தம்தான். பாட்டு நின்றது. கம்பிக்கு நடுவே ஒரு கை வந்தது, கதவின் ஓரத்தைப் பிடித்து, சத்தம் வராமல் மெதுவாக இழுத்துச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை, உள்ளே எப்படிப் புழுங்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வார்த்தை இல்லை, முணுமுணுப்பு இல்லை. அப்பனுக்குத் தப்பாத பெண்.

குச்சி விரலைச் சுடும் வரைக்கும் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஊதி அணைத்தேன். உன் அம்மா கேட்டதற்குக் கட்டை ஈரம் என்றேன். அவள் கட்டையையும் பார்த்தாள், ஜன்னலையும் பார்த்தாள், அண்டாவை எடுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்துவிட்டாள். அதனால் நீ போன வருஷத்திலிருந்து வாங்கு வாங்கு என்று சொன்ன ஹீட்டர் வந்துவிட்டது, குளியலறையில் வெள்ளையாகத் தொங்குகிறது, நீ ஜெயித்தாய். உன் அம்மா அதில் குளித்துவிட்டு வந்து, உப்பு போடாத கஞ்சி மாதிரி இருக்கிறது என்றாள். மறுநாளும் குளித்தாள். எனக்கு அந்தத் தண்ணீர் பிடித்துத்தான் இருக்கிறது, அதை அவளிடம் சொல்லிவிடாதே.

ஆனால் சௌக்கத் கட்டை அனுப்புவதை நிறுத்தவில்லை. வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? வருவதை எரிக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. ஆகையால் ஸ்டூல் செய்கிறேன். வீட்டில் இடம் போதவில்லை, கோயில் பாட்டுக்குழுவுக்குக் கொடுத்தேன், தேவப்பிரியம் வீட்டுக்குக் கொடுத்தேன், சுப்பராயனுக்கு ஒரு பெஞ்சே செய்து கொடுத்து நம்பிக்கையை மீட்டுவிட்டேன். உன் அம்மா, "உக்கார்றதுக்கு ஊர்ல ஆள் வேணாமாய்யா" என்கிறாள். போன வாரம் நோன்புக் கஞ்சி கொண்டுவந்த சௌக்கத் நின்று, அடுப்பைப் பார்த்தார். செங்கல்லில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. பிறகு ஸ்டூல்களைப் பார்த்தார். ஒன்றில் உட்கார்ந்தார், அது ஆடிற்று, எழுந்துகொண்டார். "கட்ட பத்துதா பிரகாசம்?" என்றார். பத்துது என்றேன். "நாளைக்கு இன்னொரு சாக்கு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ மழைக்குக் குடை எடுத்துப் போ, டூட்டி முடிந்து வெறும் ரொட்டி தின்றுவிட்டுப் படுக்காதே. வாடகை வீட்டு ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட அடுப்பு என்று படம் அனுப்பினாயே, அதில் எதைப் போட்டு எரிக்கிறார்கள், பெயிண்ட் அடித்த கட்டையா என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வை. முக்கியமாக ஒன்று, பெருநாளுக்கு சௌக்கத்துக்கு வாழ்த்துச் சொல்ல ஃபோன் செய்வாய், அப்போது ஹீட்டர் வாங்கினதைப் பற்றி மூச்சு விடாதே. அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் யாரும் சொல்ல வேண்டாம். உன் நெற்றியிலும் ஜெரி நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன், வெறும் கட்டை விரலால்தான், சாம்பல் இல்லை. மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். இதைப் பின்பக்கம் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் எழுதினேன், எழுத்து கோணலாக இருந்தால் ஸ்டூலைச் சொல். ஜன்னல் கதவு சாம்பல் புதன் வாரத்திலிருந்து சாத்தவே இல்லை, விரியத் திறந்து கிடக்கிறது. உள்ளே பையன் பசிக்குக் கத்துகிற கத்தலில் நான் எழுத நினைத்த இன்னும் இரண்டு சங்கதி மறந்து போய்விட்டது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ம. அருள்பிரகாசம்